வீட்டுக் காற்றில் பூஞ்சை: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

படுக்கையறைக்குள் நுழைந்தாலே ஓத வாடை. வீட்டில் ஒருவருக்கு விடாத இருமல். சுவரில் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. "காற்றை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து தாள் வரும்: பென்சிலியம் என்ற பூஞ்சை, கன மீட்டர் காற்றுக்கு 353 காலனி (தட்டில் முளைத்த பூஞ்சைத் திட்டு). அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது அதிகமா, குறைவா?"

இதற்கு நேரான பதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஓதத்துக்கும் பூஞ்சைக்கும் என்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. அதிலும், இத்தனை வித்து (பூஞ்சை பரவ உதவும், விதை போன்ற நுண்துகள்) வரை உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று ஓர் எண்ணைப் பரிந்துரைக்க முடியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கனடாவின் சுகாதாரத் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியும் வரம்பு எதையும் வைக்கவில்லை. இரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல் தாளின் ஓரத்தில் 'இயல்பு அளவு' என்று அச்சடிக்க இங்கே எதுவும் இல்லை.

எனவே சோதனை முறைகளை ஒப்பிட நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். முடிவு எப்படி வந்தாலும், மறுநாள் காலை நீங்கள் செய்யப்போவது மாறுமா? மாறாது என்றால் அந்தச் சோதனை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் தேவையில்லை. பூஞ்சை வளர்க்கும் பெட்ரி தட்டுகளை எண்ணியே பல வருடங்கள் போயிருக்கின்றன எனக்கு. பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதில் ஒரு பாசமே உண்டு. அந்த உரிமையில் அதன் குறைகளைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

திறந்து வைக்கும் தட்டு

இருப்பதிலேயே எளியது இது. அகார் என்ற உணவுக் கூழ் ஊற்றிய தட்டின் மூடியை எடுத்துவிட்டு அறையில் அரை மணியோ ஒரு மணியோ வைப்பார்கள். பிறகு மூடி, சில நாள் வைத்திருந்து, முளைத்ததை எண்ணுவார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

தட்டில் எது விழுகிறது என்பதுதான் சிக்கல். அசையாத காற்றில் 3 மைக்ரான் அளவுள்ள வித்து ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வீட்டுக்குள் வழக்கமாகக் காணும் பூஞ்சைகளான ஆஸ்பர்ஜில்லஸ், பென்சிலியம் இரண்டின் வித்துகளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். 20 மைக்ரான் அளவுள்ள ஆல்டர்நேரியா வித்து அதே தூரத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். காரணம், விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆக, வெளியிலிருந்து வரும் பெரிய வித்துகள் தட்டில் முந்திக்கொள்கின்றன. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய சின்ன வித்துகள் இன்னும் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். மின்விசிறி ஓடினால் இந்தக் கணக்கும் கலைந்துவிடும். எத்தனை லிட்டர் காற்றிலிருந்து விழுந்தது என்பது தெரியாததால் கன மீட்டருக்கு இத்தனை என்று சொல்லவும் வழியில்லை.

இன்னொன்று, இந்தத் தட்டு எங்கே வைத்தாலும் ஏதாவது முளைத்தே தீரும். பூஞ்சை வித்து இல்லாத வீட்டுக் காற்று என்று ஒன்று இல்லை. பச்சையும் கறுப்புமாகப் பூத்த தட்டைப் பார்த்துப் பயந்து வந்தவர்கள் நிறையப் பேர். மாணவர்களுக்குக் காட்ட அருமையான சாதனம். வீட்டைப் பற்றி முடிவெடுக்க நான் இதைத் தொடமாட்டேன்.

காற்றை உறிஞ்சி வளர்ப்பது

ஆண்டர்சன் என்பவர் 1958-இல் விவரித்த ஆறடுக்குக் கருவியின் வழிவந்தவைதான் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வீடுகளுக்குப் பெரும்பாலும் ஓரடுக்கு மட்டும் போதும். உலோகத் தட்டில் 400 சிறு துளைகள், அதன் கீழே பெட்ரி தட்டு, பின்னால் ஒரு பம்பு. நிமிடத்துக்கு 28.3 லிட்டர், அதாவது ஒரு கன அடி காற்று, துளைகள் வழியே பாய்ந்து அகாரின் மேல் சட்டென்று திரும்புகிறது. பேருந்து வளைவில் வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பக்கத்தில் போய் மோதுவாரே, அதுபோல வித்தால் காற்றோடு திரும்ப முடியாமல் அகாரில் ஒட்டிக்கொள்கிறது.

இப்போது அந்த 353-ஐப் பிரித்துப் பார்ப்போம். ஐந்து நிமிடம் ஓட்டினால் 141.5 லிட்டர். அதைக் கன மீட்டருக்கு மாற்றினால் தட்டில் உள்ள ஒவ்வொரு காலனியும் 7 ஆகிவிடும். தட்டில் உண்மையில் எண்ணியது 47. ஒரே துளை வழியாக இரண்டு வித்து வந்து ஒரே காலனியாக முளைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு திருத்த அட்டவணை உண்டு. அதன்படி 47 என்பது 50 ஆகும். 50-ஐ 7.07-ஆல் பெருக்கினால் 353. தாளில் மூன்று இலக்கமாக மிடுக்காக நிற்கும் எண்ணின் பின்னணி இவ்வளவுதான். அதே காற்றில், அதே நிமிடத்தில், இன்னொரு தட்டு வைத்திருந்தால் 250-உம் வந்திருக்கலாம், 480-உம் வந்திருக்கலாம். வெறும் தற்செயலே அவ்வளவு ஆட்டம் காட்டும்.

எண்ணிக்கை கூடக்கூடத் திருத்தம் விபரீதமாகும். 200 காலனி 277 ஆகிறது, 300 காலனி 553 ஆகிறது. 400-ஐ நெருங்கினால் எண் என்று சொல்வதற்கே இல்லை. பூஞ்சை நிறைந்த இடத்தில் ஒரு நிமிடமே அதிகம். சுத்தமான இடத்தில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டும், அப்படி ஓட்டினால் அகார் காய்ந்துவிடும். அறையில் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்தால்தான் சரியாக அளக்க முடியும். கொஞ்சம் வேடிக்கைதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஊடகம், அதாவது தட்டில் ஊற்றும் உணவுக் கூழின் வகை. மால்ட் அகாரில் பல பூஞ்சைகள் நன்றாக வரும். டிஜி-18 என்ற ஊடகத்தில் கிளிசரால் கலந்து, பூஞ்சைக்குக் கிடைக்கும் நீரைக் குறைத்திருப்பார்கள். அதில் வாலீமியா, ஆஸ்பர்ஜில்லஸ் கிளாக்கஸ் குழு போன்ற வறட்சி விரும்பிகள் தலைகாட்டும். மால்ட்டில் அவை வந்ததாகவே தெரியாது. ஸ்டாக்கிபாட்ரிஸ், அதாவது ஈரச் சுவரில் வந்தால் எல்லோரும் பயப்படும் அந்தக் 'கறுப்புப் பூஞ்சை' (கோவிட் காலத்தில் அதே பெயரில் பேசப்பட்ட நோய் வேறு), நேர் எதிர். அதற்கு நிறைய நீரும் காகிதம், அட்டை போன்ற செல்லுலோஸும் வேண்டும். டிஜி-18-இல் அதை எதிர்பார்க்கவே முடியாது. மால்ட்டில் மெல்ல வருவதற்குள் மற்றவை இடத்தைப் பிடித்துவிடும். போதாததற்கு, அதன் வித்துகள் ஈரமாக இருக்கும்போது கொழகொழவென்று ஒட்டிக்கிடக்கும், லேசில் காற்றில் ஏறாது. எனவே 'ஸ்டாக்கிபாட்ரிஸ் காணப்படவில்லை' என்ற வரியை வைத்துக்கொண்டு அது வீட்டில் இல்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.

ஒருமுறை மூன்றாம் நாள் காலை இன்குபேட்டரை, அதாவது தட்டுகளை ஒரே சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியை, திறந்தேன். ஒரு தட்டில் ரைசோபஸ் என்ற வேகமாகப் படரும் பூஞ்சை சாம்பல் பஞ்சுபோல் மூடிவரை எழும்பி நின்றது, உச்சியில் கறுப்புக் குண்டூசித் தலைகள். அதற்கு அடியில் எத்தனை காலனி இருந்ததென்று எந்தக் கண்ணாலும் எண்ண முடியாது. மாதிரி எடுத்தவருக்கு அந்த அறையில் கிடைத்த ஒரே தட்டு அது. 'படர்ந்துவிட்டது, எண்ண இயலவில்லை' என்று எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு வித்து செய்த வேலை.

அப்புறம், செத்த வித்துகள். அவை முளைக்காது. ஆனால் அவற்றில் உள்ள ஒவ்வாமைப் புரதமும் நச்சும் செல் சுவரில் உள்ள குளுக்கான் என்ற பொருளும் வித்து செத்ததால் மறைந்துபோவதில்லை. உடைந்த துணுக்குகள் கதை இன்னும் மோசம். ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சைப் பரப்பின் மேல் காற்றை ஓடவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. வித்துகளைவிட 320 மடங்கு வரை துணுக்குகள் பறந்ததாக அதில் பதிவு. துணுக்குகள் எந்த அகாரிலும் காலனி ஆவதில்லை.

நடைமுறையில் இது எங்கே கழுத்தை அறுக்கும் தெரியுமா? சுவரில் ப்ளீச் தெளித்துவிட்டு மறுநாள் காற்றை வளர்த்துப் பார்த்தால் எண் அழகாக இறங்கியிருக்கும். பூஞ்சை முழுவதும் சுவரிலேயே, செத்த நிலையில், தூசியாக உதிரக் காத்திருக்கும். கொன்றவருக்கு மதிப்பெண் போடும் சோதனை இது. சுரண்டி அப்புறப்படுத்தினாரா என்று கேட்காது.

இத்தனை குறை சொன்னாலும் ஒன்றில் வளர்ப்புக்கு ஈடில்லை: உயிருள்ள பூஞ்சை கையில் கிடைக்கிறது, பெயர் சொல்ல முடிகிறது. உறுப்பு மாற்று சிகிச்சை அல்லது ரத்தப் புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள் உள்ள வார்டில் ஆஸ்பர்ஜில்லஸ் பொதுவாக இருக்கிறதா என்பதைவிட, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் இருக்கிறதா என்பதே கேள்வி. அது 37 டிகிரியில் தாராளமாக வளரும். அந்தச் சூட்டில் பல பூஞ்சைகள் பின்வாங்கிவிடும். தட்டை 25 டிகிரியில் ஒன்றும் 37 டிகிரியில் ஒன்றுமாக வைத்தால் விடை கிடைத்துவிடும். கிடைத்த பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்கவும் உயிருள்ளதுதான் வேண்டும். நுரையீரல் ஒவ்வாமை அழற்சியில், நோயாளியின் ரத்தம் எந்தப் பூஞ்சைக்கு எதிர்வினை காட்டுகிறது என்று பொருத்திப் பார்க்கவும் இது உதவும்.

கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து எண்ணுவது

வித்துப் பொறி என்று சொல்லலாம். நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று பிசின் தடவிய தகட்டின் மேல் அடிக்கும். சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். உயிருள்ளது, செத்தது எல்லாம் கணக்கில் வரும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், மறுநாளே முடிவு கிடைக்கும். அகாரில் வராத காளான் வித்துகளும் இதில் தெரியும்.

விலை என்னவென்றால், பெயர் போய்விடுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் வித்தும் பென்சிலியம் வித்தும் தகட்டில் ஒரே மாதிரி குட்டி உருண்டைகள். அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதுவார்கள். தூசி அதிகமுள்ள தகட்டில் நிறமற்ற சின்ன வித்துகள் மறைந்துவிடும். எண்ணுபவரின் கண்ணும் பொறுமையும் முடிவில் கலந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் 75 லிட்டர், எனவே ஒரு வித்து 13 ஆகிறது. ஆய்வகம் தகட்டின் கால்வாசியை மட்டும் எண்ணியிருந்தால் ஒரே வித்து 53. 'கன மீட்டருக்கு 53 வித்து' என்று படிக்கும்போது ஒற்றை உருண்டை ஒன்று மனக்கண்ணில் வரட்டும்.

வளர்ப்புக்கும் பொறிக்கும் பொதுவான ஒரு பலவீனம் நேரம். நீங்கள் ஒரு நாளில் பத்துப் பதினைந்து கன மீட்டர் காற்றை மூச்சில் இழுக்கிறீர்கள். இவை ஒரு கன மீட்டரின் சிறு பங்கை, ஐந்து நிமிடத்தில் எடுக்கின்றன. ஒரே அறையில் காலையில் அமைதியாக எடுத்ததும், மெத்தை விரிப்பை உதறிய பின் எடுத்ததும் பத்து மடங்கு வித்தியாசப்பட்டதை நானே எண்ணியிருக்கிறேன். எது அந்த வீட்டின் 'உண்மை' எண்? இரண்டும்தான்.

தூசி

நீண்ட கால வெளிப்பாட்டைத்தான் அறிய வேண்டும் என்றால் எனக்குத் தூசியின் மேல்தான் நம்பிக்கை. மெத்தையிலோ தரைவிரிப்பிலோ உறிஞ்சி எடுத்த தூசி பல வாரங்களின் பதிவு. அல்லது உயரமான அலமாரியின் மேல் நிலைமின்னேற்றத் துணியை வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுக்கலாம். காலடி மண் அங்கே வராது. தூசியைச் சலித்து, நிறுத்து, ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற திரவம் சொட்டுவிட்ட நீரில் கரைத்து, பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று என்று நீர்க்கச் செய்து அகாரில் பரப்புவார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முடிவை ஒரு கிராமுக்கு இத்தனை என்றும் தரலாம், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை என்றும் தரலாம். இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். தினம் பெருக்கும் வீட்டில் தூசி குறைவு, ஆனால் அந்தக் கொஞ்சத் தூசியில் வித்து அடர்த்தியாக இருக்கலாம். கிராம் கணக்கைப் பார்த்து அந்த வீட்டைக் குறை சொல்வது அநியாயம். தரையில் கிடப்பதெல்லாம் மூக்குக்கு வருவதுமில்லை.

டிஎன்ஏ முறையும் பெரும்பாலும் தூசியில்தான் செய்யப்படுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 36 பூஞ்சை இனங்களை, டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் முறை வழியாக அளந்து ஒரு குறியெண் உருவாக்கினார்கள். ஓதத்தோடு தொடர்புள்ள 26 இனங்களின் கூட்டுத்தொகையிலிருந்து, எங்கும் காணப்படும் 10 இனங்களின் கூட்டுத்தொகையைக் கழிப்பார்கள். செத்தது, உயிருள்ளது, மெதுவாக வளர்வது என்ற பாகுபாடே இல்லை. ஸ்டாக்கிபாட்ரிஸ் இருந்தால் தப்பாது. ஆனால் பட்டியலில் இல்லாத இனம் கண்ணுக்கே தெரியாது. ஒப்பிடும் அடிப்படையும் அமெரிக்க வீடுகளின் தூசி. இது ஆய்வுக்கான கருவி, பொதுமக்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று அந்த முகமையே சொல்கிறது.

பரப்பில் ஒட்டுநாடா ஒட்டி எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பாகத் தெரிவது பூஞ்சையா, புகைக்கரியா என்ற சந்தேகம் தீரும். நீங்கள் எவ்வளவு சுவாசிக்கிறீர்கள் என்பது அதில் இல்லை.

சோதிக்காமலே பார்ப்பது

இதைக் கடைசியில் வைத்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். ஓதமுள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா கூடுதல் என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்த பூஞ்சை, கறை, ஈரம், வாடை ஆகியவற்றை வைத்தே அந்தத் தொடர்பைக் கண்டன. காற்றில் எண்ணிய எண்களோடு நோயின் தொடர்பு அவ்வளவு சீராக வரவில்லை. மூக்கும் டார்ச் விளக்கும் பம்பைத் தோற்கடித்த கதை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் தயாரித்த மதிப்பீட்டுப் படிவமும் அறை அறையாக வாடை, கறை, ஈரம், கண்ணில் படும் பூஞ்சை என்று மதிப்பெண் போடுவதுதான்.

விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத பூச்சு உப்பலும் மெல்லிய பூப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். ஈரமானியை உலர்ந்த சுவரில் வைத்து ஓர் எண், சந்தேகமான இடத்தில் வைத்து ஓர் எண் எடுங்கள், வித்தியாசம்தான் முக்கியம். ஒரு வீட்டில் இரண்டு முறை காற்றை எடுத்தும் வெளியில் உள்ளதுபோலத்தான் இருந்தது. மூன்றாம் முறை கருவியைக் கொண்டுபோகாமல், வெளிச்சுவரை ஒட்டி நின்ற பீரோவை இருவராக நகர்த்தினோம். பின்பலகை முழுக்கச் சாம்பல்பச்சை, கதவுக்குள் மடித்த துணியிலும் அதே வாடை. ஈரத்தோடு ஒட்டிக்கிடந்த வித்து, நாங்கள் பம்பை ஓட்டிய பத்து நிமிடத்தில் பறக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எதை எடுப்பது?

கண்ணுக்குப் பூஞ்சை தெரிகிறது என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம். என்ன பெயர் வந்தாலும் வேலை ஒன்றே: நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது, பூத்ததை அகற்றுவது.

வாடை மட்டும் வருகிறது, தேடியும் கிடைக்கவில்லை என்றால் வித்துப் பொறியும் வளர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அறைக்கு அறை ஒப்பிடலாம். எந்த அறைப் பக்கம் சுவரை உடைத்துப் பார்ப்பது என்று திசை காட்டும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்து முடித்தபின் சரிபார்க்க வேண்டுமா? முதலில் ஈரமானி, பிறகு வெறும் கண், அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் வித்துப் பொறி. இங்கே வளர்ப்பு வேண்டவே வேண்டாம். ப்ளீச் கதை நினைவிருக்கட்டும்.

வீட்டில் நோய் எதிர்ப்பு குன்றியவர் இருந்தால் தட்டு முளைக்கும்வரை காத்திருக்காமல் அவரை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள்; மருத்துவர் கேட்டால் 37 டிகிரி வளர்ப்பைச் செய்யலாம்.

வழக்கு, தகராறு என்று போகிற விஷயமானால் முறை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளரங்கக் காற்றுக்கான பன்னாட்டுத் தர முறைகளான ஐஎஸ்ஓ 16000 வரிசையில் 16 முதல் 21 வரையுள்ள பகுதிகள் பூஞ்சைக்கானவை. எதைப் பின்பற்றினார்கள் என்று அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

வளர்ப்பே வேண்டும் என்று முடிவாகிவிட்டால், ஒற்றைத் தட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சந்தேகமான அறை, சந்தேகமில்லாத அறை, வெளிக்காற்று, இவற்றில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு தட்டு, இரண்டு ஊடகம், முடிந்தால் வேறு வேறு நாளில். அப்போதுதான் நம் 353-க்கு ஏதாவது பொருள் வரும். வெளியே, வெளிக்காற்றில் சாதாரணமாகக் காணும் கிளாடோஸ்போரியம் 800, பென்சிலியம் 30 என்றிருந்து, ஜன்னல் மூடிய அறைக்குள் பென்சிலியம் மட்டும் 353 என்றால் உள்ளே எங்கோ அது வளர்கிறது. அதே 353 கிளாடோஸ்போரியமாக இருந்து ஜன்னலும் திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

மாதிரி எடுப்பவர் திறக்காத தட்டு ஒன்றையும் கூடவே கொண்டுவந்து, மற்றவற்றோடு திரும்பக் கொண்டுபோய், அதே இன்குபேட்டரில் வைக்க வேண்டும். அந்த வெற்றுத் தட்டில் என்ன முளைத்தது என்று அறிக்கையில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத அறிக்கை வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.